இரண்டாவது ஸ்லைடு

கல்லூரிக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான குடிநீர்த் தொட்டியில் ஈயம் கலந்திருக்கிறது என்று காட்ட வேதியியல் வாத்தியாருக்கு ஒரே ஒரு ஸ்லைடு போதும். ஆனால் அது இரண்டாவது ஸ்லைடு. கல்லூரி விதிப்படி முதல் ஸ்லைடில், பேசுகிறவர் தனக்கு யாரோடெல்லாம் உறவு, தொழில் தொடர்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சபை திருப்தியானால்தான் அடுத்தது வரும்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. வாத்தியாரின் மகள் அங்கேதான் படிக்கிறாள். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் குடிப்பாள்.

"உங்க மச்சான் என்ன தொழில் பண்றாரு?" என்றார் டீன். தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

"குழாய்க்கடை."

"ஃபில்டர் விக்கிறாரா இல்லையா?"

"விக்கிறாரு. ஆனா என் கல்யாணத்துலேர்ந்து அவர் எங்கிட்ட பேசறதே இல்ல சார்."

"பேசாமலே இவ்வளவு வியாபாரமா!"

சபை சிரித்தது. வாத்தியாருக்குக் காது சுட்டது. டீனைத் திருப்பிக் கேட்டார்:

"தொட்டி கட்டினது உங்க மருமகன்தானே? நீங்க அறிக்கை குடுத்தப்ப உங்க முதல் ஸ்லைடுல அதை ஏன் காணோம்?"

"அவன் எனக்கு மருமகன் இல்லய்யா. என் பொண்ணுக்குத்தான் புருஷன்," என்றார் டீன்.

"கேட்டுக்குங்க, இதான் டீனோட ஆராய்ச்சி!" என்றார் வாத்தியார். அடுத்த வார்த்தைக்குள் டீன் வீசிய மைக் ஸ்டாண்டு வந்து அவர் மூக்கில் இறங்கியது. உள்ளே ஏதோ மளுக்கென்றது.

இயற்பியல்காரர் விலக்கிவிட ஓடி வந்தார். "உன்னை அனுப்பினது யாரு?" என்று இரண்டு கட்சியும் கேட்டன. யாரும் அனுப்பவில்லை என்றதை யாரும் நம்பவில்லை. அவருடைய முன்பல் இரண்டு தரையில் உருண்டன. புள்ளியியல் அம்மா எந்தப் பக்கமும் சாராமல், கைக்கு எட்டியவர்களை எல்லாம் குடையால் வெளுத்தார்.

வாத்தியார் அதுவரை ஒரு மாணவனைக்கூட அடித்ததில்லை. இரும்பு நாற்காலியைத் தூக்கி டீன் நெற்றியில் போட்டார். நெற்றி பிளந்தது. அது தனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஆயாம்மா குழாயில் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, அந்தத் தண்ணியா!" என்று டீன் அலறினார். "காயத்துல படும்! பாட்டில் தண்ணி கொண்டா!"

கூடம் அப்படியே நின்றது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றார் வாத்தியார், வாயில் ரத்தத்தோடு.

"கேட்டோம்," என்றார் புள்ளியியல் அம்மா. "அந்தப் பாட்டில் கம்பெனி யாரோடது?"

நாற்காலிகள் மறுபடி பறந்தன. ஸ்லைடுத் திரை நடுவில் கிழிந்து தொங்கியது. இனி அதில் எந்த ஸ்லைடும் வராது.

வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே தொட்டிக்கு நடந்தார். வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. கையால் திருகியதில் தோல்தான் உரிந்தது. வேறு வழியில்லாமல் மச்சானுக்கு போன் போட்டார்.

மச்சான் பெரிய ஸ்பானரோடு வந்தார். மூக்கைப் பார்த்தார்.

"யாரு?"

"டீன்."

"திருப்பிக் குடுத்தீங்களா மாப்ள?"

"நாற்காலியால."

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக மச்சான் முகம் மலர்ந்தது. இருவரும் ஸ்பானரில் தொங்கினார்கள். வால்வு முனகிக்கொண்டே மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழாயில் தண்ணீர் நின்றது.

திரும்பிப் பார்த்தால், கட்டுப்போட்ட தலைகளோடு சபை மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. டீன் செல்போனை உயர்த்தி, ஸ்பானர் பிடியில் இருந்த கடைப் பெயரை நிதானமாகப் படம் எடுத்தார்.

"இந்தக் கோணத்துல எடுங்க சார், பேரு நல்லாத் தெரியும்," என்றார் மச்சான்.