நம்ம ஆளுங்க இல்லாத ஊர்

எந்த நாட்டில் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்த அன்று, சுகன்யா முதலில் செய்த காரியம் ஒரு பொய் சொன்னதுதான்.

"இன்னாத்துக்கும்மா அவ்ளோ தூரம்?" என்று மாமனார் ஜெகநாதன் கேட்டார். "ஒரு அனுபவத்துக்கு மாமா" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் ஹேமநாத்தும், "ஆமாம்பா, ஒரு அனுபவத்துக்கு" என்றான். அவனும் சேர்ந்து பொய் சொன்னது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

அவள் கம்பெனி பெர்லினில் இருக்கிறது. ஓட்டல்களுக்கு அறை பதிவு செய்கிற மென்பொருள் செய்து விற்கிறவர்கள். அது எங்கே மக்கர் பண்ணினாலும் வாங்கிய ஓட்டல்காரர்கள் சுகன்யாவுக்குத்தான் எழுதுவார்கள். மாடி அறைக் கதவைச் சாத்தி, பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம் விழாதபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐந்து வருஷமாக அவள் பதில் எழுதி வந்தாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்பதாகும். ஐந்து வருஷம் முடித்தவர்கள் இரண்டு வருஷம்வரை வேறு நாட்டில் தங்கலாம், பெர்லின் அலுவலக நேரம் முழுக்கக் கூட இருந்தால் போதும், மாதக் கடைசிக்குள் ஊர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். மெயிலில் இவ்வளவுதான் இருந்தது. ஹேமநாத்துக்கும் தடை ஒன்றுமில்லை. பட்டுச்சேலை பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். எங்கிருந்து அனுப்பினாலும் தறியில் ஏறும்.

அனுபவம் என்று சொன்னார்களே தவிர, உண்மையான காரணத்தை அவர்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் சும்மா இருந்தார்கள். அடுத்த மூன்று வருஷம் குழந்தைக்காக ஆரணியிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. ஒருநாள் திரும்பி வருகிற பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டும்போது, "போதும்ங்க" என்று சுகன்யா சொன்னாள். ஹேமநாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் போதும்" என்றான். அதோடு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் துக்கப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள், படம் பார்த்தார்கள், ஏற்காடு போய் வந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டது ஊருக்குத் தெரியாதே. மளிகைக் கடையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் கை கழுவுகிற இடத்தில் என்று எங்கே போனாலும், "இன்னா, எதனா விசேஷமா?" என்று யாராவது கேட்டார்கள். கேட்டவர் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால் கோபப்படவும் வழியில்லை.

தை மாதம் ஹேமநாத்தின் சித்தப்பா மகள் கற்பகத்துக்கு வளைகாப்பு நடந்தது. சுகன்யா தட்டிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வரும்போது ஒரு பெரியம்மா அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, "நீ இரும்மா, கடைசியா போடலாம்" என்றார். கடைசி என்று ஒன்று வரவில்லை. வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அது நடந்து இருபது நாளில்தான் அந்த மெயில் வந்தது.

ஊர் தேட ஆரம்பித்தார்கள். சுகன்யா ஒரு ஷீட் போட்டு, வாடகை, விசா, குளிர், வேலை நேரம் என்று கட்டம் கட்டி, ஒவ்வொரு ஊருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் கொடுத்தாள். அல்பேனியாவில் டிரானா என்று ஓர் ஊர் நாலாவது வரியில் இருந்தது. பெர்லினில் ஒன்பது மணி என்றால் அங்கேயும் ஒன்பது மணி. அடுக்குமாடிச் சுவர்களில் பச்சையும் ஆரஞ்சுமாகக் கோடு போட்டிருந்த அந்த ஊர்ப் படங்களை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் பார்த்தாள். யாரிடமும் காட்டவில்லை.

ஹேமநாத் ஒருநாள் சாப்பிடும்போது, "பினாங்கு பாக்கலாமா?" என்றான்.

அவ்வளவுதான், வீடே அதைப் பிடித்துக்கொண்டது. ஜெகநாதனோடு ஜரிகை வியாபாரம் செய்கிற ராமதாசுக்கு மலேசியாவில், பினாங்கிலேயே சொந்தம் உண்டு. மணிமேகலை என்ற அந்த அம்மா மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறாராம். கோயில் இருக்கிறது, இட்லி இருக்கிறது, தெருவில் தமிழ் பேசுகிறார்கள். தெள்ளாரிலிருந்து சுகன்யாவின் அம்மா போன் செய்து, "நம்ம ஆளுங்க இருக்கிற எடம், நான் நிம்மதியா தூங்குவேன்" என்றாள். தயிர் சோறு இல்லாமல் இரண்டு நாள் தாங்காத புருஷன் அங்கே சௌகரியமாக இருப்பான் என்று நினைத்து, சுகன்யாவும் சரி என்றாள். பினாங்கில் வேலை நேரம் மத்தியானம் மூன்றுக்குத் தொடங்கி நடுராத்திரியில் முடியும். ஷீட்டில் வேலை நேரக் கட்டத்தில் அவள் ஒன்பது மார்க் போட்டாள். அது அவள் சொன்ன இரண்டாவது பொய்.

வீட்டைப் பார்த்துப் பேச ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோ கால் வைத்தார்கள். ஜெகநாதன் கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் எதிரே உட்கார்ந்தார்கள். மாமியார் பூங்காவனம் சற்றுத் தள்ளி மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

மணிமேகலை தங்கமான மனுஷி. முகம் தெரிந்ததுமே, "வாங்க வாங்க, சாப்டீங்களா?" என்றார். மாடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். சன்னலைத் திறந்து தெருவைக் காட்டினார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "பிள்ளைங்க எத்தனை?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் சுகன்யா.

"புதுசா கல்யாணம் ஆனவங்களா?"

"எட்டு வருஷம் ஆவுதுங்க."

மணிமேகலையின் முகம் அப்படியே இளகிவிட்டது. "கவலைப்படாத தங்கச்சி. இங்க ஒரு நல்ல டாக்டரம்மா இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன். என் மருமகளுக்கு ஆறு வருஷம் கழிச்சு அவங்க கையாலதான் பிறந்துச்சு. தைப்பூசத்துக்கு ஒரு பால்குடம் வேண்டிக்க. வர்றப்ப ரெண்டு பேரா வருவீங்க, போறப்ப மூணு பேரா போவீங்க, பாத்துக்கிட்டே இருங்க. இங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிதான். ஒரு வாரத்துல தெருவே உங்கள தெரிஞ்சுக்கும்."

சுகன்யா சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஹேமநாத் முன்பணம் எவ்வளவு என்று கேட்க வேண்டியவன், "நாங்க பேசிட்டு சொல்றோங்க" என்று போனை அணைத்துவிட்டான்.

பூங்காவனம் தலை நிமிராமல் கொட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா பேசறாங்க" என்றான் ஹேமநாத்.

"ஆமா, நல்லவங்க."

"வீடும் நல்லாத்தான் இருக்குது."

"காத்தோட்டமா இருக்குது."

ஹேமநாத் அவள் பக்கம் திரும்பினான். "சுகன், உனக்கு அங்கதான் புடிச்சிருக்குதா? நம்ம கோயிலு, பேச்சு எல்லாம் இருந்தா உனக்கு நல்லா இருக்கும்னுதான் நான் பினாங்கு சொன்னேன்" என்றான்.

"நான் உங்களுக்காகத்தாங்க சரின்னேன். தயிர் சோறு கெடைக்குமேன்னு."

"தயிர் எங்கயும் தோய்ச்சுக்கலாம்" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எது எதற்கு என்று பிரித்துப் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இந்தக் கேள்வியே கேக்காத ஊரா போவணுங்க" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். "அதுக்குத்தான் நானும் கெளம்பறேன்" என்றான் ஹேமநாத்.

அப்போதுதான் பூங்காவனம் கூடத்திலேயே இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷமாக மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று பொத்தி வைத்திருந்தது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

பூங்காவனம் மடியிலிருந்த தோலை முறத்தில் உதறினார். "அந்தம்மா நல்லவங்கதான். நல்லவங்ககிட்டதான் பேஜாரு. கெட்டவங்கன்னா மூஞ்சிய திருப்பிக்கினு போயிடலாம்" என்றார்.

"அத்தை..."

"எனக்குத் தெரியும்மா. வேலூருக்குப் போறத நிறுத்திட்டீங்கன்னு அப்பவே தெரியும். ஃப்ரிட்ஜுல ஊசி டப்பா இல்லன்னா எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லல. சரின்னு வுட்டுட்டேன்." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கல்யாணத்துக்குப் போனா என்னையுந்தான் கேக்கறாங்க. நானும் எதையோ சொல்லி சமாளிச்சிகினுதான் இருக்கிறேன். இங்க நான் பாத்துக்கிறேன். நீங்க போற எடத்துலயும் வந்து கேட்டா எங்கதான் போவீங்க? வேற ஊரு பாருங்க. நம்ம பாஷையே தெரியாத ஊரா பாருங்க."

அவர் சமையலறைக்குள் போனார். சுகன்யாவுக்குத் தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்ததுபோல் கழுத்தெல்லாம் லேசாக இருந்தது. பிறகு மாடிக்குப் போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து, டிரானாவின் பச்சைச் சுவர்களை ஹேமநாத்துக்குக் காட்டினாள். அவன் படத்தைப் பெரிதாக்கி, டிசைன்காரன் கண்ணோடு பார்த்து, "இந்தக் கலர் காம்பினேஷன்ல ஒரு பார்டர் போடலாமே" என்றான். அவள் ஷீட்டைத் திறந்து பினாங்கின் ஒன்பதை அழித்து இரண்டு என்று போட்டாள்.

ஜெகநாதனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சமிருந்த பயம். பினாங்கு என்று அவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். சுகன்யா ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்து, என்னென்ன கேட்பார், என்னென்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை இட்லி வைக்கும்போது பூங்காவனமே பேச்சை எடுத்தார்.

"பினாங்கு வேணாமாம். வேலை நேரம் ஒத்துவரல. நடுராத்திரி வரைக்கும் முழிக்கணுமாம்."

"அப்படியா? அப்ப வேணாம்" என்றார் ஜெகநாதன். "ராமதாசுகிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற எந்த ஊரு?"

"அல்பேனியா மாமா. டிரானா."

"அங்க அரிசி கெடைக்குமா?"

"கெடைக்கும் மாமா."

"பொன்னி கெடைக்காது. அஞ்சு கிலோ எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு அவர் சட்னி கேட்டார். அவ்வளவுதான். பிரிண்ட் எடுத்த காகிதம் மடிப்புக் கலையாமல் மேசைமேல் கிடந்தது. சுகன்யா அதன்மேல் சுடு பாத்திரத்தை இறக்கி வைத்தாள்.

வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. போலீஸ் சான்றிதழுக்கு அலைந்தார்கள். கல்யாணச் சான்றிதழில் ஹேமநாத் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்த இரண்டு வாரம் ஆனது. தங்குகிற அனுமதி வந்து சேர ஆனி மாதமாயிற்று. அந்த வாரமே டிரானா வீட்டுக்காரம்மாவோடு வீடியோ காலில் பேச நாள் குறித்தார்கள்.

லிரி என்று பெயர். அறுபது வயசு இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி. தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினார். புகை பிடிப்பீர்களா, நாய் உண்டா என்று கேட்டார். மூன்றாவதாக, "எத்தனை பேர்?" என்றார்.

அடுத்து வரப்போகிற கேள்வி சுகன்யாவுக்குத் தெரியும். "ரெண்டு பேர்" என்றாள்.

லிரி ஒரு நோட்டில் 2 என்று எழுதிக்கொண்டு எழுந்துபோய் வாஷிங் மெஷினைக் காட்டினார். கதவு சரியாக மூடாது, முழங்காலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும் என்று சொல்லி, தானே தட்டிக் காட்டினார். மூடவில்லை. மறுபடி தட்டினார். இப்படியே ஐந்து நிமிஷம் போனது. பால்கனிக் கொடியில் ஈரத்துணி கீழ்வீட்டுக்காரர்மேல் சொட்டக் கூடாது, அவர் சண்டைக்காரர் என்றார். சாவியை எங்கே வாங்குவது என்று சொன்னார். பேச்சு முடிந்தது.

கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு ஆங்கிலம் தெரியாது. "இன்னாடா சொன்னாங்க?" என்றார் மகனிடம்.

"வாஷிங் மெஷின் எப்படி போடறதுன்னு சொன்னாங்கம்மா."

"வேற?"

"துணி சொட்டக் கூடாதாம்."

"அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்கலயா?"

"ஒண்ணும் கேக்கலம்மா."

பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று சுகன்யாவுக்கு விடுமுறை. ஹேமநாத் பிரியாணி வாங்கி வந்தான். அவள் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போய்ப் பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் படுத்தவள், சாயங்காலம் ஐந்து மணிவரை புரண்டுகூடப் படுக்காமல் தூங்கினாள்.