பாதிக் கவிதை

"ஜோடாப் பணம் எட்டு லட்சம், ஒரு கார். அதுக்கு மேல நாங்க ஒண்ணும் கேக்கல" என்று வரதட்சணையை அடுக்கினார் மாப்பிள்ளையின் தந்தை கலீலுல்லா, உஸ்மானியா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற நுஸ்ஹத்துக்குக் காது சுட்டது. போன மாதம் ஷாலிபண்டா கவியரங்கத்தில், பெண் வீட்டில் விலை கேட்பவன் தன் மகனைச் சந்தையில் நிறுத்தியவன் என்று அவள் தந்தை வாஸிஃப் பாடியபோது, முன்வரிசையில் தேம்பித் தேம்பி அழுதவர் இதே கிரானைட் வியாபாரி கலீலுல்லாதான்.

அதை வாஸிஃப் மெல்ல நினைவூட்டினார்.

"கவிதை வேற, கல்யாணம் வேற, மியா" என்றார் கலீலுல்லா.

"பொண்ணு நிறம் மட்டுதான். நாங்க ஏதாவது சொன்னோமா?" என்றாள் அவர் மனைவி.

வாஸிஃப் தலைகுனிந்தார். நுஸ்ஹத் திரையை விலக்கிக்கொண்டு வந்து தந்தையைக் காட்டினாள்.

"அந்தக் கவிதைய எழுதினது நான். பாவாவுக்குக் கண்ணு மங்கி ஆறு வருஷமாச்சு, அப்போலேர்ந்து நான்தான் எழுதுறேன். வீட்டுப் பொண்ணு மேடை ஏறக்கூடாதுன்னு அவர் மனப்பாடம் பண்ணிப் பாடுறார்."

அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கலீலுல்லாவின் முகமோ மலர்ந்தது.

"ஒரு கவியரங்கத்துக்கு என்ன தர்றாங்க?"

"அஞ்சாயிரம்" என்றார் வாஸிஃப்.

கலீலுல்லா விரல்விட்டு எண்ணினார். "சரி, கார் வேணாம். கவிதை இனி எங்க வீட்டு வருமானம், அதுக்காகக் கழிச்சுட்டேன்."

தந்தை நிம்மதியாக மூச்சுவிட்டதுதான் நுஸ்ஹத்துக்குப் பொறுக்கவில்லை. "பாவா, ஒத்துக்காதீங்க. இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம்."

"நாக்குக்கும் சேர்த்துக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளையின் தாய் படியிறங்கினாள்.

வாஸிஃப் இரண்டு நாள் மகள் போட்ட தேநீரைத் தொடவில்லை. அடுத்த கவியரங்கத்துக்கு அவள் தன் பெயரையே கொடுத்திருப்பது தெரிந்ததும், "ஆட்டோவுக்குச் சொல்லு, நானும் வர்றேன்" என்றார்.

மேடைக்குப் பின்னால் அமைப்பாளர் உறையை நீட்டினார். "ரெண்டாயிரத்து ஐந்நூறு. பொம்பளைங்களுக்குப் பாதிதாம்மா, வழக்கம்."

நுஸ்ஹத் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது ஈரடிக் கண்ணிகளில் நான்கைப் படித்தாள். ‘வாஹ், வாஹ்’ என்று பந்தல் அதிர்ந்தது. ஐந்தாவதன் முதல் அடி முடிந்ததும் தாளை மடித்தாள், சலாம் வைத்தாள், திரும்பினாள்.

அமைப்பாளர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "மீதி எங்கம்மா?"

"உங்ககிட்டதான் இருக்கு" என்றாள்.

கூட்டம் மீதியைக் கேட்டு நாற்காலிகளைத் தட்டத் தொடங்கியது. அமைப்பாளரின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. பார்வை மங்கிய வாஸிஃப் பக்கத்திலிருந்தவரிடம், "எவ்வளவு எடுக்கிறான், பார்த்துச் சொல்லுங்க" என்றார்.