மன்னிப்புக் கேட்ட சங்கமித்ரா

பாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. முப்பது வருஷம் மைக்செட் வைத்தவன் சொல்கிறேன். மைக்கைக் கடிப்பார்கள், எச்சில் தெறிக்கப் பாடுவார்கள், தொண்டை கட்டினால் செட் சரியில்லை என்பார்கள். சங்கமித்ரா ஒருத்திதான் மைக்கை வாங்கியதும் முந்தானையால் துடைத்தாள்.

பெங்களூர் ஜீவனஹள்ளிப் பெண். பொம்மசந்திராவில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. ரிச்சர்ட்ஸ் டவுனில் கிடார் வாசிக்கிற ஓஸ்வால்ட் அவளுக்கு ஜமைக்காப் பாட்டுக் கேசட்டுகளைப் போட்டுக் காட்டினான். ரெகே, டான்ஸ்ஹால் என்று பெயர் சொன்னான். எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. தாளம் நொண்டி நொண்டிப் போகிறது, அதன்மேல் ஒருவன் மூச்சு விடாமல் சண்டை பிடிக்கிறான். அதையே இவள் தமிழில் செய்தாள். குழாயடியில் எங்கள் பெண்கள் பேசுகிற பேச்சு, அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்தத் தாளத்தில் உட்கார்ந்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் அம்பேத்கர் ஜெயந்தி மேடையில் 'டோக்கன்' பாடினாள். அவள் கம்பெனியில் பெண்கள் கக்கூஸ் போகச் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஐம்பது பேருக்கு இரண்டு டோக்கன். அதைத்தான் பாடினாள், சூப்பர்வைசர் பெயரோடு. பெண்கள் எழுந்து ஆடினார்கள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுவாரம் வேலை போயிற்று. மேடையில் இருந்த புத்தர் படத்துக்கு முன்னால் மூத்திரத்தைப் பாடினாள் என்று ஏரியா முழுக்க ஒரே ஏச்சு.

அடுத்த வருஷம், ஜெயந்தி நடத்துகிற சங்கத்தின் தலைவர் கிருஷ்ணப்பா நிபந்தனை போட்டார். மேடையில் மன்னிப்புக் கேட்டால் பாடலாம். இல்லாவிட்டால் இந்த மேடை இனிமேல் கிடையாது. அவளுக்கு வேறு மேடையும் கிடையாது. யார் கூப்பிடுவார்கள் அந்தப் பாட்டை?

என்னிடமும் வந்தார். "யோவ் மைக்செட்டு, அவ சும்னே, வேற பேச்சு இல்லாம, மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் பாடணும். வாய் நீண்டுச்சுன்னா ஒயரைப் புடுங்கிடு. இல்லேன்னா அடுத்த ஜெயந்திக்கு நீயும் வராதே."

"ஆகட்டும் தலைவரே" என்றேன். எனக்கென்ன வந்தது?

ஜெயந்தி அன்று அவள் மேடைக்கு வந்து கை கூப்பினாள். ஓஸ்வால்ட் கிடாரை மெதுவாகத் தட்டினான்.

"பெரியவங்களே, மன்னிச்சுக்குங்க. தண்ணி குடிச்சது என் தப்பு, மன்னிச்சுக்குங்க. குடிச்ச தண்ணி உள்ளயே நிக்கல, மன்னிச்சுக்குங்க. எங்கம்மா என்னை மூத்திரப்பையோட பெத்துட்டா, அவளையும் மன்னிச்சுக்குங்க!"

அதற்குள் தாளம் ஓட ஆரம்பித்துவிட்டது. முன்வரிசைப் பெண்கள் 'மன்னிச்சுக்குங்க' என்று கூடவே கத்தினார்கள். கிருஷ்ணப்பாவின் மனைவி யசோதா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"புடுங்குய்யா!" என்றார் கிருஷ்ணப்பா.

என் கை ஒயருக்குத்தான் போனது. பொய் சொல்ல மாட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இவன் பிடுங்க மாட்டான் என்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். என்னை அப்படி யாரும் நம்பியதில்லை. சவுண்டோடு எக்கோவையும் திருகி முழுசாக ஏற்றினேன். ரயில்வே லைன் வரைக்கும் போயிற்று அந்த மன்னிப்பு.

"என்னய்யா பண்ணே?"

"கை வழுக்கிடுச்சு தலைவரே."

"உனக்கும் சேத்து மேடை வழுக்கிடுச்சு, போ!"

அத்தோடு அந்த மேடை இரண்டு பேருக்கும் போயிற்று. பிறகு பத்து வருஷம், ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுகளுக்கு எதிரே என் செட்டில் பாடினாள். ஒரு பேப்பர்காரன் ஆபாசம் என்று எழுதினான். போலீஸ் இரண்டு தடவை செட்டைத் தூக்கிப் போனது. குடிகாரப் புருஷர்களைக் கிண்டலடித்த ஒரு பாட்டுக்குள் என்னையும் இழுத்தாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் அவள் பாடிய மூன்று கம்பெனிகளில் டோக்கன் முறையையே எடுத்துவிட்டார்கள். அது நான் கண்ணால் பார்த்தது.

கேட்டு முன்னால் அவள் ஏறி நிற்க என் ஸ்பீக்கர் பெட்டியைக் கொடுத்தேன். வேறு யாரையும் அதன்மேல் கால் வைக்க விட்டதில்லை. செருப்பை மட்டும் கழற்றச் சொன்னேன்.