செல்லத்துக்குக் கல்யாணம்

“தாலி ஏறாம கன்னிப்பொணம் போனா குடும்பத்துக்கு ஆகாது. நீ சும்மா இரு லா,” என்று ராஜு கத்தினார்.

“அம்பத்தெட்டு வயசு வரைக்கும் வேணாம்னு இருந்தவங்கப்பா. செத்தப்புறம் எதுக்குக் கட்டி வைக்கிறீங்க?” மகள் ரூபினியும் குரலைத் தாழ்த்தவில்லை.

நடுவே கிடந்தது ராஜுவின் தங்கை செல்லம். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவள். தோட்டத்து வரிசை வீடுகளில், கடைசி லைன் வீட்டில் தனியாக இருந்தவள். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை ஆலைச் சங்குக்குத்தான் திறப்பாள். நேற்றுச் சங்குக்குத் திறக்கவில்லை. உள்ளே தனியாக என்னதான் செய்வாள் என்று லைனே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. ரூபினிக்குத் தெரியும்: ஒன்றும் செய்யமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபினி போய்ப் பக்கத்தில் உட்காருவாள். இருவரும் பேசமாட்டார்கள்.

வருடக்கணக்காக எட்டிப்பார்க்காத சொந்தமெல்லாம் இன்று வந்து “அனாதையா போயிட்டாளே” என்று அழுதது. அழுகைக்கு நடுவே வாட்ஸ்அப் பார்த்தது. பெரியம்மா திலகம் பிணத்தோடு படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு ரூபினியிடம் திரும்பினாள்.

“பாத்துக்க. திரிங்காப்புல பாத்த மாப்பிள்ளைய வேணாங்கிற. நாளைக்கு நீயும் இப்படித்தான் கிடப்ப.”

“கிடக்கிறதுக்குப் பயமில்ல பெரியம்மா. நீங்கல்லாம் வந்து சேருவீங்களே, அதுக்குத்தான் பயம்.”

லோரியில் வாழைக்கன்று வந்து இறங்கியது. கன்னியாகச் செத்தவளுக்கு வாழைதான் மாப்பிள்ளை. அது குடும்ப வழக்கம். வேட்டி சுற்றி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை சரிந்து சரிந்து விழ, ராஜு மச்சான் முறையில் தோள்கொடுத்துத் தாங்கினார். மஞ்சள் கயிறு ஏறியது. உடனே மாப்பிள்ளையை வெட்டிச் சாய்த்தார்கள். செல்லத்தின் கயிற்றையும் அறுத்தார்கள். பத்து நிமிடத்தில் அவளைச் சுமங்கலியாக்கி, விதவையாக்கி, எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். ரூபினி மட்டும் அத்தையின் கழுத்தில் ஒட்டியிருந்த மஞ்சளை ஈரத்துணியால் துடைத்தாள். ராஜு பார்த்தார். தடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் திரிங்காப் மாப்பிள்ளை புவனேஸ்வரனுக்கு கோலா தெர்லாவில் வேறு பெண் அமைந்துவிட்டது. கல்யாணத்தில் முன்வரிசை திலகத்துக்குத்தான். மாப்பிள்ளை வீட்டில் பதினோரு பேர். புதுப்பெண் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லையாம்.

ரூபினி தானா ராத்தா டவுனில் கிளினிக் வேலை தேடிக்கொண்டு, ஒற்றை அறை எடுத்துப் போனாள். ஒரு ஞாயிறு பகலில் ராஜு முறுக்குப் பொட்டலத்தோடு மாடியேறினார். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. தட்டப் போன கையை இறக்கி, பொட்டலத்தைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, சத்தமில்லாமல் படியிறங்கினார்.