நாற்காலி இல்லாத நாலு நாள்

கேப் டவுனில் ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கால் தரையில் நிற்காது. கோடை முழுக்க மண்ணை வாரி மூஞ்சியில் அடித்த தென்கிழக்குக் காற்று ஓய்ந்துவிடும். வெயில் இதமாகிவிடும், ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்கள் சிவந்து நிற்கும். அந்த இலையுதிர் காலத்தில்தான் பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வரும். பண்டிகை கிறிஸ்தவர்களுடையது. ஆனால் விடுமுறையை முஸ்லிம்களான நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஆற்றுமுகத்துக்குக் கிளம்பிவிடுவோம். இயற்கையோடு இருக்கப் போகிறோமாம்!

இயற்கையோடு இருக்க என்னென்ன வேண்டும்? ஃபிரிட்ஜ் வேண்டும். இரட்டைக் கட்டில், கம்பளம், டிவி, அதற்கு ஜெனரேட்டர், கூடார வாசலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வேண்டும். போன வருஷம் ஒரு குடும்பம் ஆளுயரக் கண்ணாடி வைத்த அலமாரியையே இறக்கியது. அதைப் பார்த்து நாங்கள் சிரிக்கவா செய்தோம்? வயிறெரிந்தோம்.

ஆகவே, வியாழக்கிழமை சாயங்காலம் இக்சான் தன் சாய்வு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றப் பார்த்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த நாற்காலி அது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும், இழுத்தால் முதுகு சாயும், கால் தானாக மேலே வரும். அதில் உட்கார்ந்தவர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் எழுந்தார். கொஞ்ச நாளில் சாப்பாட்டுக்கு எழுவதையும் விட்டுவிட்டார். டிவியும் தட்டும் அவர் இருக்கிற இடத்துக்கே வந்தன.

“அது எங்க போகுது?” என்று வாசலில் வழிமறித்தாள் அவர் மனைவி மைமூனா.

“முகாமுக்கு.”

“அப்ப நான் வரல. நீயும் உன் நாற்காலியுமா சந்தோஷமா போயிட்டு வாங்க.”

கூடாரக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த மைமூனாவின் தம்பி ஷாமில் சும்மா இருப்பானா? “பூட்டா, அக்கா சொல்றதுல தப்பே இல்ல. உங்களுக்கும் இந்த நாற்காலிக்கும் நிக்காஹ் ஆயிடுச்சுன்னு பள்ளிவாசல்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. விருந்துதான் இன்னும் போடலையாம்.”

மூத்த ஆண்களை நாங்கள் பூட்டா என்றுதான் அழைப்போம். மரியாதையான வார்த்தைதான். ஷாமில் வாயில் வரும்போது மட்டும் அதில் மரியாதை இருக்காது.

மைமூனா சிரிக்கவில்லை. “இங்க பாரு மனுஷா. நாலு நாள். இந்த நாற்காலி இல்லாம, வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காம, அங்கயே இருந்து காட்டு. இருந்துட்டேன்னா நான் சாகிற வரைக்கும் நாற்காலியப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நடுவுல வீட்டுக்கு ஓடி வந்தியோ, திங்கக்கிழமையே அது பள்ளிவாசல் ஏலத்துக்குப் போயிரும்.”

“சரி, பந்தயம்!” என்றார் இக்சான்.

“நான்தான் நடுவர்” என்று ஷாமில் தானாகவே பதவியேற்றுக்கொண்டான்.

பந்தயம் அவ்வளவு லேசானதில்லை. முகாமிலிருந்து வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பயணம்தான். வருஷா வருஷம் உப்பை மறந்துவிட்டேன், இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா தெரியவில்லை என்று எதையாவது சொல்லிவிட்டு இக்சான் ஒரு நடை வீட்டுக்குப் போய்விடுவார். அவர் மட்டுமா? மத்தியானமானால் முகாமில் பாதிப் பேரைக் காணோம். திரும்பி வரும்போது தலை ஈரமாக இருக்கும், சோப்பு வாசனை தூக்கும். யாரும் யாரையும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டோம். அதுதான் எங்கள் நாகரிகம்.

வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது இக்சானுக்கு ஒரு யோசனை வந்தது. இவள் ஏன் இந்த வருஷம் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள்? நாலு நாளும் நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், வேறென்ன? அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணை இப்படி ஏங்கவைக்க எத்தனை பேரால் முடியும்? கண்ணாடியில் பார்த்து மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. வெங்காயமும் மஞ்சளும் வினிகரும் போட்டு ஊறவைத்த மீனை, சிலுவை போட்ட இனிப்பு பன்னோடு வயிறு முட்டச் சாப்பிட்டார். அதுவும் கிறிஸ்தவர்களுடைய பதார்த்தம்தான் என்பார்கள். நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிறகு ஷாமிலோடு தூண்டில் போடப் போனார். கடற்பாசி நிறையக் கிடைத்தது. வருகிற வழியில் சாலையோர வண்டியில் ஒரு பெரிய ஸ்நூக் மீனை வாங்கி, வாயில் தூண்டில் முள்ளைக் குத்திக்கொண்டு வந்து காட்டினார்கள். முகாமே நம்புவதுபோல் நடித்தது. அவர்களும் போன வருஷம் அதைத்தான் செய்திருந்தார்கள்.

மடக்கு நாற்காலிதான் காலை வாரிவிட்டது. உட்கார்ந்தால் முதுகு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். ஒருமுறை அவரையும் சேர்த்தே மடங்கிக்கொண்டது. பேரப்பிள்ளைகள் இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டார்கள்.

அதைவிடப் பெரிய துன்பம் கழிப்பறை. சுத்தத்துக்குக் குறைவில்லை, வரிசைதான் நீளம். ஆளாளுக்குக் காகிதச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தபடி நிற்க வேண்டும். இக்சானின் முறை வந்தபோது அவருக்குப் பின்னால் இமாம் நின்றிருந்தார். “மெதுவா வாங்க, அவசரமில்ல” என்றார் இமாம் அன்பாக. அவ்வளவுதான், இக்சானின் வயிறு இழுத்துப் பூட்டிக்கொண்டது. சனிக்கிழமை காலையிலும் அது திறக்கவில்லை.

மைமூனா மீதும் அவருக்கு மனத்தாங்கல். என்னோடு இரு என்று கூட்டிவந்தவள் பக்கத்திலேயே வரக்காணோமே! விடிந்ததிலிருந்து கேஸ் அடுப்புக்கு முன்னால் நிற்கிறாள். மகள்களும் மருமகன்களும் பேரப்பிள்ளைகளும் ஷாமிலின் பட்டாளமும் ஒரு பந்தி முடிந்து எழுந்தால் அடுத்த பந்திக்கு வெங்காயம் நறுக்குகிறாள். இந்த லட்சணத்தில் இவளுக்கு என்ன ஏக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று முணுமுணுத்தபடி இரண்டாவது கோப்பை டீ கேட்டார். வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மைமூனா கையைத் துடைத்துக்கொண்டு, “வெங்காயம் தீர்ந்துபோச்சு. கலீமா கூட கடைக்குப் போயிட்டு வர்றேன்” என்றாள். கலீமா ஷாமிலின் மனைவி, கார் அவளுடையது. இருவரும் கிளம்பிப் போனார்கள்.

கார் கண்ணுக்கு மறைந்ததும் இக்சான் எழுந்தார். “கேஸ் தீர்ந்துபோச்சு, மாத்திட்டு வர்றேன்.”

“நேத்துதானே பூட்டா மாத்தினோம்?” என்றான் ஷாமில்.

“கசியுதுடா! உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?”

நிறைந்த சிலிண்டரைக் காலி சிலிண்டர்போல் ஒரு கையால் விசுக்கென்று தூக்கினார். இடுப்பில் ஏதோ கடக்கென்றது. சிரித்த முகம் மாறாமல் வண்டிவரை கொண்டுபோய்ப் போட்டார்.

வழியெல்லாம் திராட்சைக் கொடிகள் செக்கச்செவேல் என்று நின்றன. ஜனங்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இக்சான் எதையும் பார்க்கவில்லை. முதலில் கழிப்பறை, பிறகு நாற்காலியில் அரை மணி. யாருக்கும் தெரியப்போவதில்லை. திருடனுக்குரிய ஜாக்கிரதையோடு வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தி, சந்து வழியாகத் தன் வீட்டின் பின்பக்கம் வந்தார்.

பின்கதவு தாழிடாமல் இருந்தது. திருடனா? துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கதவை ஒரு சாண் திறந்தார். அடுப்படி காலி. அதற்கு அப்பால் கூடம் தெரிந்தது. கூடத்தில் அவருடைய நாற்காலியில் மைமூனா உட்கார்ந்திருந்தாள்.

அடி கள்ளி! இக்சானுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. பந்தயம் போட்டவளே ஓடி வந்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். இனி நாற்காலி ஆயுசுக்கும் அவருடையது. ஷாமில் முன்னால் இதை எப்படிச் சொல்லுவது, எந்த இடத்தில் நிறுத்திச் சிரிக்கவைப்பது என்பது வரை மனம் ஓடிவிட்டது. கூப்பிட வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. முக்காடு தோளில் கிடந்தது. நரைத்த முடி விரிந்திருந்தது. காலை மேலே தூக்கிப் போட்டிருந்தாள், பாதமெல்லாம் வெடிப்பு. டிவி ஓடவில்லை. மடியில் உரிக்க அவரைக்காய் இல்லை, தைக்கத் துணி இல்லை. இரண்டு கையும் சும்மா கிடந்தன. ஜன்னல் வழியாக வெயில் விழுந்த சுவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை.

இவள் கை சும்மா இருந்து நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தார். கல்யாணத்தன்று மருதாணி காயும்வரை இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு பிள்ளைகள், அவர்களின் கல்யாணம், பேரப்பிள்ளைகள், ஷிஃப்ட் முடிந்து எந்த நேரத்தில் வந்தாலும் சூடாக இருந்த அவருடைய சோறு. இவர் ஓய்வு பெற்றதும் வீட்டில் இவர் இல்லாமல் இருந்த அந்தப் பகல் பொழுதும் போயிற்று. இவருக்குத்தான் ஓய்வு. டிவியும் இவரும் நாற்காலியுமாகக் கூடத்தை அடைத்துக்கொண்டுவிட்டார்கள். அட மடையா, அவள் உனக்காகவா ஏங்கினாள்? நீ இல்லாத வீட்டுக்காக ஏங்கியிருக்கிறாள்! மீசையைத் தடவிக்கொண்ட கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

துடைப்பத்தை இருந்த இடத்தில் வைத்தார். கதவை மூச்சுவிடாமல் சாத்தினார். வயிறு கெஞ்சியது. பத்தடி தூரத்தில் சொந்தக் கழிப்பறை இருந்தது. அவர் சந்து வழியாகத் திரும்பி நடந்தார். கடைசியில் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்தான் மானத்தைக் காப்பாற்றியது. அங்கே பின்னால் நிற்க இமாம் இல்லை.

சாயங்காலம் கலீமா ஈரத்தலையோடும் சோப்பு வாசனையோடும் வந்து இறங்கினாள். பின்னாலேயே மைமூனா ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் நாகரிகத்தைத்தான் முன்பே சொன்னேனே.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடாரத்துக் கம்பளத்தில் உட்கார்ந்ததும் ஷாமில் கரண்டியால் தட்டைத் தட்டினான். “நடுவர் பேசுறேன். ரெண்டு நாள் முடிஞ்சுது, பூட்டா இன்னும் நிக்கிறாரு. இப்படியே போனா அக்கா தோத்துருவாங்க. நாற்காலி வாழ்க!”

“இல்லடா” என்றார் இக்சான். “நான் இன்னைக்கு வீட்டுக்குப் போனேன்.”

ஒரே கூச்சல். மகள்கள் சிரித்தார்கள், மருமகன்கள் கைதட்டினார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த மைமூனாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது.

“கேஸ் கசியுதுன்னு சொன்னப்பவே நினைச்சேன்!” என்று ஷாமில் துள்ளினான். “உள்ள போய் நாற்காலில உக்காந்தீங்களா?”

“இல்ல. பின்கதவு வரைக்கும்தான் போனேன். வெக்கமா இருந்துச்சு, திரும்பிட்டேன்.”

“அப்ப அது செல்லாது. கதவுக்கு வெளியே வீடு கணக்குல வராது. என்ன மருமகனே, நீ சொல்லு…”

ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். படிக்கட்டு வீடா, தெருவா? கூரைக்குக் கீழே வந்தால்தானே வீடு? வாசற்படியில் நின்று தொழுதாலும் பள்ளிவாசல் கணக்கு என்றால் பந்தயத்துக்கு ஏன் இல்லை? விட்டால் இமாமையே எழுப்பிக்கொண்டு வந்திருப்பார்கள்.

“எப்ப போன?” என்று மைமூனா கேட்டாள். கூச்சலுக்கு நடுவில் அவள் குரல் தாழ்ந்திருந்தது.

“மத்தியானம்.”

இக்சான் தட்டைப் பார்த்தபடி சொன்னார். “பந்தயத்துல நான் தோத்துட்டேன். ஆனா அதை ஏலத்துக்குக் குடுக்காத. நீ வச்சுக்க. பேரப்பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் வெளிய போறேன். தினமும் போறேன்.”

“ஐயோ, பூட்டாவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு!” என்றான் ஷாமில். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மைமூனா குழம்பை ஊற்றி முடித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் அவள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். இக்சானும் பெரிய பானையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். கல்யாணமாகி இதுதான் முதல் தடவை என்பதால், எந்தப் பக்கம் தேய்ப்பது என்று தெரியாமல் வெளிப்பக்கத்தைத் தேய்த்தார்.

“எவ்வளவு நேரம் நின்ன?” என்றாள் அவள்.

“கொஞ்ச நேரம்.”

“கூப்பிட்டிருக்கலாம்ல? நீதான் ஜெயிச்சிருப்ப.”

“கூப்பிட்டிருந்தா நீ எழுந்து எனக்கு டீ போட்டிருப்ப.”

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மைமூனா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

“ஆமா” என்றாள். “போட்டுத்தான் தொலைச்சிருப்பேன்.”