சுவிட்ச் போர்டுக்குக் காவல்

நேற்று சாயங்காலம் சொன்ன பேச்சைக் கேட்ட கம்ப்யூட்டர் இன்று காலை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே எழுதும் வேலைத் தேர்வு. அதற்கென்றே டவுன்லோட் செய்து வைத்த சாஃப்ட்வேரைத் திறந்தால், ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று ஒரு கட்டம் வந்து வழிமறித்தது. மருமகள் மூடினாள், திறந்தாள். அதே கட்டம்.

படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக ஆய்வுக்கூட வேலையை விட்டவள் அவள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலைதான் திரும்பி வரவில்லை. இந்தத் தேர்வை விட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். போனில் எழுத விடமாட்டார்கள். வீட்டில் இருப்பதோ கணவன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய இந்தக் கிழடு ஒன்றுதான்.

அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தாள். பச்சைக் கோடு ஆமையாய் நகர்ந்து முடிந்தது. மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன கட்டம். வேலைக்குப் போயிருந்த கணவனைப் போனில் பிடித்தாள்.

“நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?”

“அதான் எனக்கும் புரியலைங்க.”

“ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாரேன்.”

“காலைல அணைஞ்சுதான் கிடந்துச்சு. நான்தான் போட்டேன்…”

சொல்லும்போதே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரி அவள் அணைக்கவே இல்லையே. திரையின் மூலையைப் பார்த்தாள். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கும் முந்தைய ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதி. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து நாளாகிறது. சுவரில் சுவிட்சை அணைத்தால் இதற்குத் தேதியே மறந்துபோகும். தேதி தப்பாக இருந்தால் தேர்வு சாஃப்ட்வேர் இணைப்பை நம்பாது. அதனால்தான் நேற்று தேதியைத் திருத்திவிட்டு, அணைக்காமல் படுத்தாள். காலைப் பதற்றத்தில் அது நினைவில் இல்லை.

யார் அணைத்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. எந்த அறையை விட்டு வெளியே போனாலும் மாமனாரின் கை எல்லா சுவிட்சையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகும்.

தேதியை மாற்றித் திறந்தாள். கட்டம் வரவில்லை. வெள்ளைத் திரை. பிறகு அவள் பெயர், புகைப்படம். ‘தேர்வு சற்று நேரத்தில் தொடங்கும்.’ மூச்சு விட்டாள்.

அப்போதுதான் கண்ணாடியைத் தேடி மாமனார் உள்ளே வந்தார். எடுத்துக்கொண்டு திரும்பும்போது, வழக்கம்போல் கை போர்டுக்குப் போனது.

“மாமா, கைய எடுங்க.”

அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. கை அந்தரத்தில் நின்றது.

“ராத்திரி நீங்க அணைச்சதாலதான் இவ்வளவு நேரம் செத்துப் பொழச்சேன். இது போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல மாமா.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமனார் சுவிட்ச் போர்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

“நீ எழுதும்மா. யாரும் கை வைக்காம நான் பாத்துக்கறேன்.”

அந்த வீட்டில் சுவிட்சில் கை வைக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.