பிட்யூட்டரிக்கு டியூஷன்

சிங்கப்பூரின் தெம்பனிஸ்வாசி ரூபியின் மகன் எய்டனுக்குப் பத்தொன்பது வயதாகியும் மகரக்கட்டு உடைந்து குரல் மாறவில்லை. மீசையும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அவனை டாக்டர் அனிதாவிடம் அழைத்துப் போனாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"தம்பிக்கு வாசனை தெரியுமா?"

"நாத்தம் புடிச்ச டுரியான் பழத்தைத் தலையணைகிட்ட வெச்சாலும் தூங்குவான் டாக்டர். ரொம்பப் பொறுமைசாலின்னு நெனச்சேன்."

டாக்டர் தலையாட்டினார். இது அபூர்வமான கோளாறு. வாசனை தெரியாதவர்களில் சிலருக்கு, வயதுக்கு வரச் சொல்லி மூளை அனுப்ப வேண்டிய ஹார்மோனும் வருவதில்லை. அதற்குக் காத்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா கிடக்கிறது. அந்த ஹார்மோனை ஊசியில் போட்டு, பிட்யூட்டரி பதில் சொல்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள்.

பதில் சொல்லவேயில்லை என்றே சொல்லலாம்.

"ஃபெயிலா?" ரூபியின் முகம் வாடிவிட்டது. "டியூஷன் ஏதாச்சும் வெக்கலாமா டாக்டர்?"

"மா, ப்ளீஸ் லா," என்று எய்டன் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வெக்கலாமே. இத்தனை வருஷம் யாரும் கூப்பிடாததால அதுக்குப் பழக்கமில்ல. இடுப்புல சின்ன பம்ப் மாட்டி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதரம் அந்த ஹார்மோனைக் கொஞ்சங்கொஞ்சமா குடுப்போம். ஒரு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட்."

ரூபி அந்த வாரம் முழுக்க முருங்கைக்கீரை சூப் வைத்தாள். சர்ச்சில் ஞாயிறு பூசையில், 'ரூபி குடும்பத்து பிட்யூட்டரிக்காக' என்று மன்றாட்டும் வாசிக்க வைத்தாள்.

பூசை முடிந்ததும் பாடகர் குழு இயேசுதாசன் அருகே வந்தார். "பிட்யூட்டரிக்கு என்னம்மா ஒடம்புக்கு?"

"தூங்கிக்கிட்டே இருக்குங்க."

"பாவம், சின்னப் பிள்ளையா?"

"பத்தொன்பது வயசு."

"எழுப்பி வேலைக்கு அனுப்புங்க," என்றார் அவர்.

இரண்டாவது சோதனையில் பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன் நன்றாகவே ஏறியிருந்தது. "எத்தனை மார்க்?" என்று கேட்டாள் ரூபி. பம்ப் இடுப்பிலேயே தொடர்ந்தது.

மாதங்கள் போயின. தொண்டை கரகரத்ததால் எய்டன் வெட்கப்பட்டு, எதற்கும் 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை ரூபி தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து வீட்டு மணியை அடித்தாள். உள்ளேயிருந்து கனத்த ஆண்குரல் கேட்டது. "வர்றேன், இருங்க."

ரூபி பதறிப்போனாள். "ஸாரி அங்கிள், மாடி மாறி வந்துட்டேன்," என்று பைகளோடு லிஃப்டை நோக்கி நடந்தாள்.

கதவு திறந்தது. "மா, எங்க போறீங்க?"